ரெய்னிங் குதிரை வாங்கணும், பக்கத்துலயே ரெண்டு பார்த்திருக்கோம், எதை வெச்சு முடிவு பண்றது?

டென்டன்_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டல்லாஸுக்கு வடக்க டென்டன் பக்கம் இருக்கோம். பொண்ணுக்கு 13 வயசு, மூணு வருஷமா ஆப்ரி கிட்ட ஒரு பார்ன்ல குதிரை ஓட்டக் கத்துக்கிறா, கடைசி ஒன்றரை வருஷம் முழுக்க ரெய்னிங்தான். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், மணல் போட்ட அரங்கத்துல ஒரே கையில கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு குறிச்சுக் கொடுத்த பேட்டர்ன்படி பெரிய வட்டம் வேகமா, சின்ன வட்டம் மெதுவா, நின்ன இடத்துலயே நாலு சுத்து, அப்புறம் முழு ஓட்டத்துல வந்து பின்னங்கால் ரெண்டையும் அடியில மடக்கி சறுக்கிக்கிட்டே நிக்கணும், அதான் ரெய்னிங். இது இங்க டெக்சாஸ், ஒக்லஹோமாவுல ரொம்ப பெரிய விஷயம்.

இவ்வளவு நாள் பார்ன் குதிரையிலதான் ஓட்டினா. இப்ப ட்ரெய்னர் சொந்தக் குதிரை வேணும்னு சொல்லிட்டாங்க. எங்க பட்ஜெட் 25 ஆயிரம் டாலர், அதுவே ரெண்டு வருஷம் சேர்த்த காசு. எனக்கும் மனைவிக்கும் குதிரை பத்தி ஒண்ணும் தெரியாது, பொண்ணு சொல்றதும் ட்ரெய்னர் சொல்றதும்தான்.

பக்கத்துலயே ரெண்டு பார்த்தோம். ஒண்ணு பைலட் பாயிண்ட்ல, 4 வயசுப் பெட்டைக்குதிரை, பலோமினோ, தங்கக் கலர், முகம் முழுக்க வெள்ளை, ஒரு கண்ணு நீலம், பார்க்கவே அவ்ளோ அழகு. 28 சொல்றார், 26க்கு வருவார் போல. இன்னொண்ணு வைட்ஸ்பரோவுல, 13 வயசு கெல்டிங் (காயடிச்ச ஆண் குதிரை), செம்பழுப்பு, 22 ஆயிரம். இதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பின்னங்கால் நடுவுல இருக்கிற ஹாக் மூட்டுல ஊசி போடறோம்னு விக்கிற அம்மாவே முதல்ல சொல்லிட்டாங்க, அதைக் கேட்டதும் எனக்குப் பயமாயிடுச்சு, நோய் இருக்கிற வயசான குதிரைக்கா 22 ஆயிரம்னு.

பைலட் பாயிண்ட்காரர் தினமும் மெசேஜ் பண்றார். நாளைக்கு வேற ஒருத்தர் பார்க்க வர்றார், 2000 டாலர் அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன், எங்க டாக்டர் போன மாசம்தான் பார்த்தார், எக்ஸ்ரே எல்லாம் இருக்கு, நீங்க வேற செலவு பண்ண வேண்டாம்கிறார். பொண்ணு வேற ராத்திரி எல்லாம் அந்தக் குதிரை வீடியோவையே பார்த்துட்டு இருக்கா. அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

வெதர்ஃபோர்ட்_அக்கா:

தம்பி, முதல்ல அந்த 2000ஐ அனுப்பாதீங்க. மீதியை நிதானமா பேசலாம்.

நாலு வருஷம் முன்னாடி என் பையனுக்கு 14 வயசு, நாங்களும் இப்படித்தான் பக்கத்துலயே ஒருத்தர்கிட்ட 5 வயசுக் குதிரை வாங்கினோம். நாங்க போய் இறங்கும்போதே சேணம் கட்டித் தயாரா நின்னுச்சு. கழுத்துல வேர்வை காஞ்சு வெள்ளையா உப்புக் கோடு இருந்துச்சு, சேணத்துக்கு அடியில இருக்கிற கம்பளி விளிம்பு இன்னும் ஈரமா இருந்துச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா, நமக்காக முன்கூட்டியே ரெடி பண்ணி வெச்சிருக்காரு, எவ்வளவு நல்ல மனுஷன்னு. உண்மையில காலையில இருந்து ரெண்டு மணி நேரம் ஓட்டி ஓட்டி அடங்க வெச்சிருக்காங்க. பையன் ஏறினப்ப பூனைக்குட்டி மாதிரி போச்சு. வீட்டுக்கு வந்து பத்தாவது நாள், ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் வெளிய எடுத்தோம், பையன் ஒரு காலை ரிக்காப்புல வெச்சு இன்னொரு காலைத் தூக்கறதுக்குள்ள துள்ளிடுச்சு. காரை எலும்பு உடைஞ்சது. அந்தக் குதிரை கெட்ட குதிரை இல்ல, இப்ப அது ஒரு ப்ரொஃபஷனல்கிட்ட நல்லா ஓடிட்டு இருக்கு, ஆனா 14 வயசுப் பையனுக்கான குதிரை இல்ல. பாதி விலைக்குத்தான் கொடுத்தோம்.

அதனால சொல்றேன், போறதுக்கு முன்னாடியே விக்கிறவர்கிட்ட சொல்லிடுங்க, நாங்க வர்ற வரைக்கும் குதிரையை லாயத்துலயே விடுங்க, ஓட்டாதீங்கன்னு. நீங்க போய் நெஞ்சுலயும் சேணம் உக்கார்ற முதுகுலயும் கை வெச்சுப் பாருங்க, காஞ்சு குளுமையா இருக்கணும். உங்க பொண்ணே உள்ள போய் தலைக்கயிறு போட்டு வெளிய கூட்டிட்டு வரட்டும், அவளே பிரஷ் பண்ணட்டும், நாலு குளம்பையும் தூக்கிச் சுத்தம் பண்ணட்டும், அவளே சேணம் கட்டட்டும். வயித்து வாரை இறுக்கும்போது காதைப் பின்னாடி மடக்குதா, கடிக்கத் திரும்புதான்னு பாருங்க. அப்புறம் முதல்ல விக்கிறவங்க ஆள் ஏறி ஓட்டணும், அடுத்து உங்க ட்ரெய்னர், கடைசியாதான் பொண்ணு. விக்கிறவங்க ஏற மாட்டேன்னு சாக்கு சொன்னா அங்கயே நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. ரெண்டாவது தடவை வேற நேரத்துல, காலையில போயிருந்தா சாயங்காலம், கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லிட்டுப் போங்க. நேர்மையான ஆளா இருந்தா அதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க.

அட்வான்ஸ் கொடுத்தே ஆகணும்னா, டாக்டர் செக்கப்புல எங்களுக்குத் திருப்தி இல்லன்னா முழுசும் திரும்பி வரணும்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுக் கொடுங்க. வாய்வார்த்தை எதுக்கும் ஆகாது.

குளம்பு_டெக்:

நான் டெக்சாஸ்ல ஒரு குதிரை ஆஸ்பத்திரியில டெக்னீஷியன், ஆறு வருஷம் ஆச்சு. செக்கப் பத்தி மட்டும் சொல்றேன்.

விக்கிறவரோட டாக்டர் பார்த்ததை நம்பி வாங்கக் கூடாது. அந்த டாக்டர் கெட்டவர்னு சொல்லல, அவரோட கிளையண்ட் விக்கிறவர், நீங்க இல்ல. நீங்க காசு கொடுத்து, நீங்க தேர்ந்தெடுத்த, விக்கிறவருக்கு இதுவரைக்கும் வைத்தியம் பார்க்காத ஒரு டாக்டரைக் கூட்டிட்டுப் போங்க. பழைய எக்ஸ்ரேவைக் கேட்டு வாங்கிக்கோங்க, புதுசையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா எது மாறிட்டு வருதுன்னு தெரியும். பழைய மெடிக்கல் ரெக்கார்டைத் தரச் சொல்லி கிளினிக்குக்கு விக்கிறவர் ஒரு வரி எழுதிக் கொடுக்கணும், அதுக்குத் தயங்கினாலே நாங்க உஷாராயிடுவோம்.

ஃப்ளெக்ஷன் டெஸ்ட் பண்ணும்போது நீங்க கூட நில்லுங்க. காலை மடக்கி ஒரு நிமிஷம் மாதிரி பிடிச்சுட்டு, விட்ட உடனே ட்ராட் (மெதுவான ஓட்டம்) ஓட விடுவாங்க, முதல் நாலஞ்சு அடியில நொண்டுதான்னு பார்ப்பாங்க. ரெய்னிங் குதிரைக்கு எல்லா பாரமும் பின்னங்கால்லதான், அதனால ஹாக், அதுக்கு மேல இருக்கிற ஸ்டைஃபிள் மூட்டு எக்ஸ்ரே கட்டாயம், முன்னங்கால் குளம்பையும் எடுத்துடுங்க. பின்னங்கால் சஸ்பென்சரி தசைநார்ல சந்தேகம் வந்தா அல்ட்ராசவுண்ட். எக்ஸ்ரேவோட சேர்த்து 1000 டாலர் தாண்டும், 25 ஆயிரத்துக்குப் பொருள் வாங்கும்போது இதுல மிச்சம் பிடிக்காதீங்க. அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க, மயக்க மருந்தோ வலி மருந்தோ கொடுத்திருந்தா பின்னாடி டெஸ்ட் பண்ண உதவும்.

இப்ப ஹாக் ஊசி. இதுக்குப் போய் பயந்து நல்ல குதிரையை விட்டுடாதீங்க சார். வருஷக்கணக்கா சறுக்கி நின்ன குதிரைக்குக் கீழ் ஹாக் மூட்டுல தேய்மானம் வர்றது ரொம்ப சாதாரணம், ஓடியாடற ரெய்னிங் குதிரைகள்ல ஊசி போடாததைத் தேடினாதான் உண்டு. ஹாக்ங்கிறது பல மூட்டு சேர்ந்தது, அதுல கீழ இருக்கிற ரெண்டும் அதிகம் அசையாத மூட்டு, சில குதிரைக்கு நாளடைவுல எலும்பு ஒண்ணாச் சேர்ந்து வலியே போயிடும். நீங்க கேக்க வேண்டியது வேற: எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை, அந்த இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருதா, கடைசியா எப்ப போட்டாங்க. வருஷத்துக்கு ஒண்ணு நாலு வருஷமா அப்படியே இருந்தா அது பராமரிப்பு. போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் மூணுன்னா யோசிக்கணும். ஊசி போட்ட சூட்டோட செக்கப் பண்ணினா காலும் நல்லாத்தான் தெரியும், அதனால தேதி முக்கியம்.

இன்னொண்ணு, ஜெனடிக் பேனல் (மரபணு டெஸ்ட்) ரிசல்ட் கேளுங்க. குவார்ட்டர் ஹார்ஸ் இனத்துல ஹெர்டான்னு ஒரு தோல் நோய், கட்டிங் (மந்தையில இருந்து மாட்டைப் பிரிக்கிற போட்டி), ரெய்னிங் வம்சத்துல வரும், போகோ புவெனோங்கிற பழைய பொலிகுதிரை வழியா வந்ததுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாதான் நோய். ரெண்டு வயசுல சேணம் கட்ட ஆரம்பிக்கும்போது முதுகுத் தோல் பிஞ்சு வரும், ஆறாது, அதுக்கு வைத்தியமும் இல்ல. ஒரு தடவை ஒரு சின்னக் குதிரைக்கு முதுகுல கட்டுப் பிரிச்சப்ப தோல் நனைஞ்ச காகிதம் மாதிரி கையோட வந்துச்சு, நான் அன்னைக்கு வீட்டுக்குப் போய் சாப்பிடல. ஒரு பக்கம் மட்டும் வந்த கேரியர்னா ஓட்டறதுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, ஆனா பெட்டைக்குதிரைன்னா பின்னாடி குட்டி போட விடலாம்னு ஆசை வரும், அப்ப தெரிஞ்சிருக்கணும். முடியோட வேரைப் பிடுங்கி லேபுக்கு அனுப்பினா போதும், செலவு பெருசா ஆகாது.

அந்தியூர்க்காரன்:

வணக்கமுங்க. நான் இப்ப ஒக்லஹோமா நார்மன்ல இருக்கேன், ரூக்கி, அதாவது புதுசா போட்டிக்கு வர்றவங்க கிளாஸ்ல ஓட்டறேனுங்க. சொந்த ஊர் அந்தியூர், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில சின்ன வயசுல தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு சுத்தினவன். அவர் முதல்ல பல்லைப் பார்ப்பார், அப்புறம் சுழி. நெத்தி, கழுத்து, நெஞ்சுன்னு ஒவ்வொரு சுழியா விரல் வெச்சு எண்ணுவார், சுழி சரியில்லைன்னா குதிரை எவ்வளவு நல்லா இருந்தாலும் தொட மாட்டார். இங்க சுழியை யாரும் பார்க்கறதில்லீங்க, அந்த இடத்துல பேப்பர் வந்துருச்சு. அப்பன் யாரு, தாத்தன் யாரு, எவ்வளவு ஜெயிச்சான்னு. பேப்பர்ல பேரு பெருசா இருந்தா விலை ஏறிக்கும். ஆனா பொண்ணு ஏறி உக்காரப் போறது பேப்பர் மேல இல்லீங்க.

4 வயசுக் குதிரைன்னா என்ன அர்த்தம்னு கொஞ்சம் யோசிங்க. ரெண்டு வயசுல பழக்கத் தொடங்கி, 3 வயசுல ஃப்யூச்சரிட்டி (3 வயசுக் குதிரைங்களுக்கான பெரிய போட்டி) ஓட வைக்கிறதுதான் இந்தத் தொழிலோட குறி, வருஷக் கடைசியில ஒக்லஹோமா சிட்டியில நடக்குமே அதேதான். அந்த லெவலுக்கு வராததை விப்பாங்க, வந்ததையும் நல்ல விலைக்கு விப்பாங்க, ரெண்டுமே தப்பில்லீங்க. ஆனா 4 வயசுல அது இன்னும் பள்ளிக்கூடம் போற புள்ள. உங்க பொண்ணும் புள்ள. ஒண்ணுக்குத் தெரியாததை இன்னொண்ணு சொல்லிக் கொடுக்க முடியாது. 13 வயசுக் கெல்டிங் எத்தனையோ தடவை அரங்கத்துக்குள்ள போயிட்டு வந்திருக்கும், உங்க பொண்ணு தப்புப் பண்ணினாக்கூட அது சரியா நிக்கும். எனக்கு ரெய்னிங் சொல்லிக் கொடுத்ததே 16 வயசுக் கெல்டிங்தாங்க.

ஓட்டிப் பார்க்கும்போது சறுக்கறதைப் பார்த்து மயங்கிடாதீங்க. எல்லாரும் வீடியோவுல அதைத்தான் காட்டுவாங்க. மொதல்ல சின்ன வட்டத்துல கடிவாளத்தைத் தளர விட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க, வேகம் தானா ஏறுதா, அப்படியே நிதானமாப் போகுதான்னு பாருங்க. நடுவுல வரும்போது அதுவா லீட் (ஓடும்போது முன்னால வைக்கிற கால்) மாத்திக்குதா? மாத்தினா பேட்டர்னை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்குன்னு அர்த்தம், போட்டியில ஓட்டறவங்க சொல்றதுக்கு முன்னாடி அதுவே பண்ணும். ஸ்பின் ரெண்டு பக்கமும் பாருங்க, நாலு சுத்து முடிஞ்சதும் சொன்ன உடனே நிக்கணும், கால் சுத்துக்கு மேல கூடப் போச்சுன்னா ஸ்கோர் ஜீரோ, மீதி எவ்வளவு அழகா ஓட்டியிருந்தாலும் அவ்வளவுதான். நிக்கும்போது வாயைத் திறந்துக்கிட்டுத் தலையைத் தூக்குதா, வாலைச் சுழட்டிச் சுழட்டி அடிக்குதான்னு பாருங்க, அது எங்கயோ வலின்னு சொல்லுதுங்க, இல்லைன்னா வெறுத்துப் போச்சுன்னு சொல்லுது. அரங்கத்து கேட் பக்கம் வரும்போதெல்லாம் வெளிய இழுக்குதான்னும் பாருங்க.

பின்னங்கால்ல என்ன லாடம் அடிச்சிருக்குன்னு தூக்கிப் பாருங்க. சறுக்கறதுக்கு அகலமா வழுவழுன்னு தட்டை லாடம் போட்டிருக்கணும். சாதா லாடத்தோட நிக்குதுன்னா கொஞ்ச காலமா ரெய்னிங் ஓட்டலீங்க, ஏன்னு கேளுங்க.

ஸ்கோர் ஷீட் கேளுங்க. 70ல இருந்துதான் எல்லாரும் ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு மேனுவருக்கும் (வட்டம், ஸ்பின், சறுக்கி நிக்கறது மாதிரி) ஒன்றரை வரைக்கும் கூட்டுவாங்க, கழிப்பாங்க. ஒரு நாள் 73, அடுத்த நாள் 0ங்கிற குதிரையை விட, யார் ஏறினாலும் 68, 69, 70னு வர்றதுதான் உங்களுக்கு வேணும்.

டென்டன்_அப்பா:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை பைலட் பாயிண்ட் திரும்பவும் போனோம். ஓட்டாம வைங்கன்னு சொல்லியிருந்தேன், ஆனா போகும்போது நெஞ்சு ஈரமா இருந்துச்சு அக்கா, நீங்க சொன்னதால கை வெச்சுப் பார்த்தேன். கழுவினேன்னு சொன்னார். கம்பளியும் ஈரம்தான்.

இன்னொரு விஷயம். பொண்ணு பின்னாடி நின்னு தண்ணி பக்கெட்டைத் தெரியாம கீழ போட்டுட்டா, பெரிய சத்தம். பக்கத்து லாயத்துக் குதிரை எல்லாம் தலையைத் தூக்குச்சு, இது காதைக்கூடத் திருப்பல. பொண்ணுதான் கவனிச்சுட்டு, அப்பா இதுக்குக் காது கேக்கலைன்னா. கேட்டதுக்கு அப்புறம்தான் ஆமா, கன்னர் வம்சம், அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லைன்னார். காது கேக்காத குதிரையைச் சொல்லாம விக்கலாமா? இதெல்லாம் நடக்குமா?

அப்புறம் எங்க ட்ரெய்னர் வாங்கற விலையில 10 சதவீதம் கமிஷன் கேக்கறாங்க, அது வழக்கமா?

அந்தியூர்க்காரன்:

காது கேக்காததுல அவர் சொல்றது பாதி உண்மைங்க. கன்னர்ங்கிற அந்தப் பொலிகுதிரைக்கே காது கேக்காம இருந்துச்சு, அதோட வாரிசுகள் பலதுக்கும் அப்படித்தான், முகம் வெள்ளையா நீலக் கண்ணோட இருந்தா இந்தத் தொழில்ல இருக்கிறவங்க முதல்ல கேக்கறதே அதைத்தான். பெரிய பெரிய போட்டியில ஜெயிச்சிருக்குங்க, கூட்டத்தோட சத்தம் கேக்காததால சில குதிரை இன்னும் அமைதியா ஓடும். ஆனா நிக்கறதுக்கு நாம வாயால சொல்ற "வோ" அதுக்குக் கேக்காது, உக்கார்ற விதத்தாலயும் காலாலயும்தான் சொல்லணும், பின்னாடி போகும்போது திடுக்கிடாம இருக்க கையால தொட்டுக்கிட்டே போகணும். பழகினவங்களுக்கு சரிங்க. எனக்கு உறுத்தறது அது இல்ல, நீங்க கேக்கற வரைக்கும் சொல்லாம இருந்தாரே, அதுதான். வைட்ஸ்பரோ அம்மா நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஊசியைப் பத்திச் சொன்னாங்கல்ல.

வெதர்ஃபோர்ட்_அக்கா:

10 சதவீதம் வழக்கம்தான் தம்பி, அவங்க நேரம் செலவு பண்றாங்க, ஓட்டிப் பார்க்கறாங்க, கொடுக்கலாம். ஆனா விக்கிறவங்ககிட்ட இருந்தும் வாங்கறாங்களான்னு நேராவே கேட்டுடுங்க, யார் யாருக்கு எவ்வளவுன்னு எழுத்துல இருக்கட்டும். விலைக்கான செக்கை நீங்களே நேரா ஓனர் பேருக்கு எழுதுங்க. ஏ க்யூ ஹெச் ஏ (குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம்) பதிவுப் பேப்பர்ல கடைசியா இருக்கிற ஓனர் பேரும் விக்கிறவங்க பேரும் ஒண்ணான்னு பாருங்க, ட்ரான்ஸ்ஃபர் ஃபாரத்துல அவங்க கையெழுத்து வாங்காம ட்ரெய்லர்ல ஏத்தாதீங்க. என் ஆர் ஹெச் ஏ (ரெய்னிங் சங்கம்) கொடுக்கிற போட்டி லைசன்ஸையும் உங்க பேருக்கு மாத்தணும். காகின்ஸ் டெஸ்ட் (குதிரைக்கு வர்ற ஒரு தொற்று ரத்தசோகைக்கான டெஸ்ட்) 12 மாசத்துக்குள்ள எடுத்த நெகட்டிவ் பேப்பரும் வேணும்.

முழு 25ஐயும் குதிரைக்கே போடாதீங்க. போர்டிங் (பார்ன்ல தங்க வெச்சுப் பார்த்துக்கறது), ட்ரெய்னிங் சேர்த்து எங்க பக்கம் மாசம் 1200 தாண்டுது, ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை லாடம், இன்ஷூரன்ஸ் குதிரையோட விலையில வருஷத்துக்கு 3 சதவீதம் மாதிரி. வயித்து வலின்னு ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தா கையில காசு இருக்கணும்.

டென்டன்_அப்பா:

அப்டேட். பைலட் பாயிண்ட்ல வேண்டாம்னு சொல்லிட்டேன். பொண்ணு ஒரு நாள் பேசல, ரூம்லயே இருந்தா.

வைட்ஸ்பரோவுக்கு ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாடி போன் பண்ணிட்டுப் போனோம். கெல்டிங் வெளிய புல்லுல உடம்பெல்லாம் மண்ணோட நின்னுட்டு இருந்துச்சு, அந்த அம்மா நீயே போய்ப் பிடிச்சுட்டு வான்னு தலைக்கயிறைப் பொண்ணு கையில கொடுத்துட்டாங்க. இவ நடந்து போனா, அது ரெண்டு அடி எடுத்து வெச்சு இவகிட்ட வந்து தலையைக் கயிறுக்குள்ள அதுவா விட்டுச்சு. அரை மணி நேரம் மண்ணைத் தேய்ச்சா. அந்த அம்மாவோட பொண்ணு முதல்ல ஓட்டினா, அவ காலேஜ் போறாளாம், அதான் விக்கறாங்க. அப்புறம் எங்க ட்ரெய்னர், அப்புறம் இவ. ஸ்பின்ல இவ மூணோட எண்ணிக்கையை விட்டுட்டா, அது பாட்டுக்கு சுத்திட்டே இருந்துச்சு, இவ உடம்பைத் தளர்த்தின அந்த நொடி நின்னுடுச்சு. வாலும் அசையல.

நாலு வருஷ ஊசி ரசீதும் ஒரு ஃபைல்ல வெச்சிருந்தாங்க, எல்லாம் வருஷத்துக்கு ஒண்ணு, கடைசி ஏழு மாசம் முன்னாடி. வியாழக்கிழமை எங்க டாக்டர் பார்த்தார், கீழ் ஹாக் ரெண்டுலயும் தேய்மானம் இருக்கு, ஃப்ளெக்ஷன்ல இடது பின்னங்கால் லேசா நாலு அடி, அப்புறம் சரி, ஸ்டைஃபிள் சுத்தம், முன்னங்கால் சுத்தம். இந்தப் பொண்ணு ஓட்டற லெவலுக்கு இதைப் பார்த்துக்கிட்டா பல வருஷம் ஓடும்னார். 20,500க்கு முடிஞ்சுது. ட்ரான்ஸ்ஃபர் கையெழுத்து ஆச்சு.

குளம்பு_டெக், ரத்தம் எடுத்து வெச்சிருக்கோம், எத்தனை நாள் வெச்சிருக்கச் சொல்லணும்? செவ்வாய்க்கிழமை ட்ரெய்லர் வருது. லாயத்துல போடற பேர்ப்பலகைக்குப் பொண்ணு இப்பவே பெயிண்ட் அடிச்சிட்டு இருக்கா.